தண்டு எழுபது, தண்டு தொண்ணூறு

கல்பிட்டியிலிருந்து ருக்மல் அனுப்பிய படங்கள் பதினொன்று.
எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு ஃபொயில்
கழுவித் துடைத்து, ஒரு துவாயின் மேல்,
பிறந்த பிள்ளையைக் கிடத்தினமாதிரி.
முழுக் கார்பன். தண்டு தொண்ணூறு சென்டிமீட்டர்.
விலை இரண்டு நாற்பது.
"நங்கிக்கென்றால் இரண்டு முப்பது."

என்னுடையது அலுமினியம். தண்டு எழுபது.
ஹோட்டல் கணக்கைத் தீர்க்காமல் போன பிரெஞ்சுக்காரன்
படகுக் கொட்டகையில் விட்டுப்போனது.
"எடுத்துக்கிட்டுப் போ, எடத்த அடைக்குது" என்றார் மெனேஜர்.
அகன்ற இறக்கை, சின்னக் காற்றுக்கே எழுந்துவிடும்.
வேகம் கேட்டால் மட்டும்
சம்பள முற்பணம் கேட்டதுபோல முகம் சுளிக்கும்.

வெசாக் லீவுக்கு ருக்மல் மவுசாக்கலைக்கு வந்திருந்தான்.
அவனுடையதில் ஒரு தரம் ஏறிப் பார்த்தேன்.
எழவே மாட்டேனென்றது.
உந்தி உந்தித் தொடை கடுத்துப்போய்
விட்டுவிடலாமென்ற நேரம்
எழுந்தது.
சத்தம் நின்றது.

என்னுடையதில் எப்போதும் ஒரு முனகல் உண்டு.
நாலு வருடமாக அதைத்
தண்ணீரின் சத்தமென்று நினைத்திருக்கிறேன்.

அன்றிரவு பழைய செக்ரோல் தாளின் பின்பக்கத்தில்
நடுவில் கோடு கிழித்து எழுத உட்கார்ந்தேன்.
கார்பன் உப்பில் அரிக்காது.
எங்கள் தண்ணீரில் உப்பேது?
மலைக்குப் போட்ட உரம்தான் மழையோடு இறங்கிவரும்.
கார்பன் பாரம் குறைவு.
கொட்டகையிலிருந்து கரை இருபது எட்டு. யாருக்குப் பாரம்?
பிறகு ஆணி.
ஒரு கம்பெனி ஆணி மற்றக் கம்பெனித் துளைக்குள் இறங்காது.
இறக்கையை மாற்றினால் தண்டை மாற்றவேண்டும்,
தண்டை மாற்றினால் பலகையை.
பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு
மாமன் மச்சானை வேண்டாமென்று சொல்லமுடியாத சம்பந்தம்.
சீட்டு விழுந்த காசு ஒரு லட்சத்து எண்பது.
கோட்டின் இரண்டு பக்கத்திலும் அதை எழுதிப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ருக்மலுக்கு அது விளங்காது.
இந்தத் தண்ணீருக்குக் கீழே ஓர் ஊர் இருக்கிறது.
பங்குனியில் அணை வற்றினால்
பழைய மஸ்கெலியாவின் சுவர்கள் ஒவ்வொன்றாக மேலே வரும்.
கோயில் வெளியே வருவதற்கு முந்தின கிழமை
முடிச்சுப் போட்ட கயிறு விட்டு அளந்தேன்.
அதன் தலைக்கு மேலே தண்ணீர் எண்பது சென்டிமீட்டர்.

எழுபது தாண்டும்.

பறக்கும்போது பாதித் தண்டுதான் நீருக்குள், சரி.
விழும்போது?
ஒருமுறை நான் பிந்திப் போனேன், தண்ணீர் அறுபதுக்கு இறங்கியிருந்தது.
பின்னிறக்கையின் ஓரத்தில் ஒரு கீறல், அதில் ஒட்டிய சுண்ணாம்பு.
"சாமி தலையிலயா ஏறின?" என்று
குசினி எமில்டா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
அவள் வேதக்காரி.

"பத்து மாசம் நிறைஞ்ச தண்ணி, ரெண்டு மாசத்துக்குப் பயப்படுறதா?"
என்றான் ருக்மல், தெரிந்த தமிழில்.
சரிதான்.
கச்சான் காற்று சிவனொளிபாதத்தைச் சுற்றி
ஆனியில் வந்து அறையும்போது அணை நிரம்பித்தான் இருக்கும்.
அந்தக் காற்றுக்கு என் அகன்ற இறக்கை
குடையை விரித்து ஓடுவதுபோல.
ஆனால் எனக்குப் பிடித்தது பங்குனிதான்.
காலை ஆறரைக்கு, விருந்தாளிகள் எழும்புமுன்,
மூச்சளவு காற்றில்
ஆளில்லாத தெருக்களுக்கு மேலே
ஒருதரம் போய்த் திரும்புவது.

ஞாயிறு ஹட்டனுக்குப் போனேன்.
நானூறாம் நம்பர் அரத்தாள் மூன்று வாங்கினேன்.
இறக்கையின் பின்னோரத்தை நனைத்து நனைத்து
இரண்டு மணிநேரம் தேய்த்தேன்,
விரல் நுனியில் ரேகை போகுமட்டும்.
முனகல் பாதியாகக் குறைந்திருக்கிறது.
மிச்சப் பாதி எனக்கு இப்போது
முன்னைவிட நன்றாகவே கேட்கிறது.

ருக்மலுக்கு எழுதினேன்: வேண்டாம், வேறு ஆளுக்குக் கொடு.
கட்டைவிரல் ஒன்று அனுப்பினான்.
படங்கள் பதினொன்றும் போனில்தான் இருக்கின்றன.
இடம் நிறைந்துவிட்டதென்று போன் சொல்கிறது.
எமில்டாவின் மகள் பூப்புனித வீடியோவை அழித்தேன்.